ஆறாம் வகுப்போடு நிற்கும் கல்வி: ஆப்கானியப் பெண்களின் கற்கும் வாய்ப்பை மீட்பது என்றால் என்ன?

ஆப்கானிஸ்தானின் குளிர்ப் பகுதி மாகாணங்களில் பள்ளி ஆண்டு மார்ச் மாதப் பிற்பகுதியில் தொடங்கி, கடும் பனிக்கு முன்பாக டிசம்பரில் முடிவடைகிறது. ஆறாம் வகுப்பின் இறுதித் தேர்வை எழுதி முடிக்கும் சிறுவன், விடுமுறை கழிந்ததும் ஏழாம் வகுப்பில் போய் உட்காருவான். அதே பாடத்தைப் படித்து, அதே தேர்வை எழுதிய சிறுமிக்கு அத்துடன் பள்ளி வாழ்க்கை முடிந்துவிடுகிறது. மேல் வகுப்புக்கு வழியில்லை என்பது தெரிந்து, இன்னுமோர் ஆண்டாவது பள்ளியில் இருந்துவிடலாம் என்று ஆறாம் வகுப்புத் தேர்வில் வேண்டுமென்றே தோற்ற சிறுமிகளைப் பற்றிச் செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் இடைநிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகக் கூடாது என்று ஆட்சியாளர்களே தடை விதித்திருக்கும் நாடு இன்று உலகில் இது ஒன்றுதான்.

இந்தத் தடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கல்வி பெறும் வாய்ப்பை மீட்டல்" என்ற தொடர் ஐ.நா. தீர்மானங்களிலும் அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதை முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு, பூட்டிய பள்ளியைத் திறந்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது முதற்படி மட்டுமே. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1999ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கவுரை கல்வி உரிமைக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது. பள்ளியும் ஆசிரியரும் இருக்க வேண்டும். பாகுபாடின்றி, பாதுகாப்பாக, கைக்கு எட்டும் செலவில் அங்கே போய்ச் சேர முடிய வேண்டும். கற்பிக்கப்படுவது தரமானதாகவும் ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். மாணவரின் சூழலுக்கேற்ப அது வளைந்து கொடுக்கவும் வேண்டும். ஆப்கானியச் சிறுமியிடமிருந்து பறிக்கப்பட்டது இவற்றில் எது என்று கேட்டால், நான்கும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரே நாளில் அல்ல, படிப்படியாக.

தாலிபான்கள் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலைக் கைப்பற்றினார்கள். அடுத்த மாதமே கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆண் மாணவர்களும் ஆண் ஆசிரியர்களும் பள்ளிக்குத் திரும்பலாம். மாணவிகள் வரக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அந்த மௌனமே தடையாயிற்று. இது தற்காலிக ஏற்பாடுதான், தகுந்த சூழல் அமைந்ததும் மாணவிகளும் வரலாம் என்று அதன் பிறகு பல மாதங்கள் சொல்லப்பட்டு வந்தது.

2022 மார்ச் 23 அன்று புதிய பள்ளி ஆண்டு தொடங்கியது. மாணவிகளுக்கும் பள்ளிகள் திறக்கும் என்று அமைச்சகம் முன்னதாகவே அறிவித்து, மாணவர்களை வாழ்த்தி ஒரு காணொளியும் வெளியிட்டிருந்தது. ஏழு மாதங்களாக வீட்டில் இருந்த பிள்ளைகள் கருப்புச் சீருடையும் வெள்ளை முக்காடும் அணிந்து வகுப்பறைக்குள் போய் அமர்ந்தார்கள். சில மணி நேரத்துக்குள், திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அழுதபடி பள்ளியை விட்டு வெளியேறிய மாணவிகளின் படங்கள் அன்றே உலகெங்கும் பரவின. இந்த முடிவைக் காபூலில் இருந்த அமைச்சகம் எடுக்கவில்லை. காந்தகாரில் இருக்கும் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவின் வட்டத்திலிருந்து அது வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பள்ளியைத் திறக்க ஆயத்தமாக இருந்த ஓர் அமைச்சகத்தாலேயே திறக்க முடியவில்லை என்றால், முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு காலைப்பொழுதே காட்டிவிடுகிறது.

அடுத்துப் பல்கலைக்கழகங்கள். அந்நாட்டின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கன்கோர் என்று பெயர். 2022 அக்டோபரில் பெண்கள் அதை எழுத அனுமதிக்கப்பட்டார்கள். ஆனால் பொறியியல், பொருளியல், கால்நடை மருத்துவம், வேளாண்மை, இதழியல் போன்ற துறைகளை அவர்கள் தேர்ந்தெடுக்கக் கட்டுப்பாடு இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று, மறு அறிவிப்பு வரும்வரை பெண்களுக்கு உயர்கல்வி நிறுத்தப்படுகிறது என்று உயர்கல்வி அமைச்சர் கையெழுத்திட்ட சுருக்கமான கடிதம் வந்தது. அந்த மறு அறிவிப்பு இன்றுவரை வரவில்லை. சில நாட்களில், தொண்டு நிறுவனங்களில் ஆப்கானியப் பெண்கள் பணிபுரியத் தடை வந்தது. 2023 ஏப்ரலில் அது ஐ.நா. அலுவலகங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. எஞ்சியிருந்த ஒரே வாசல் மருத்துவப் பயிற்சி நிலையங்கள். செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் பயிற்சியில் சேர்ந்து படித்துவந்த பெண்களுக்கு 2024 டிசம்பர் தொடக்கத்தில் அந்த வாசலும் அடைக்கப்பட்டது. இம்முறை பொதுவில் கடிதம்கூட இல்லை. நிலையங்களின் பொறுப்பாளர்களை அழைத்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் இல்லாத ஆணையை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

யுனிசெஃப் 2025ஆம் ஆண்டு பள்ளித் தொடக்கத்தின்போது தந்த கணக்குப்படி, இந்தத் தடையால் படிப்பை இழந்த சிறுமியர் 22 லட்சம் பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆறாம் வகுப்பை முடிக்கும் புதிய தொகுதி ஒன்று இந்த எண்ணிக்கையோடு சேர்ந்துகொள்கிறது.

தடைக்கு முன்பு எல்லாம் சரியாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆப்கானிஸ்தானில் பெண் கல்வியின் வரலாறு முன்னேற்றமும் பின்னடைவும் மாறி மாறி வந்த ஒன்று. அரசர் அமானுல்லா கானும் அரசி சுரையாவும் 1921இல் காபூலில் பெண்களுக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். 1928இல் ஒரு மாணவியர் குழு படிப்பதற்காகத் துருக்கிக்கே அனுப்பப்பட்டது. மறு ஆண்டே அமானுல்லா ஆட்சியிழந்தார். அவருக்குப் பின் காபூலைப் பிடித்த ஹபீபுல்லா கலக்கானி பெண் பள்ளிகளை மூடினார். பின்னர் அவை மெல்லத் திறந்து, நூற்றாண்டின் பிற்பாதியில் காபூல் பல்கலைக்கழகத்தில் பெண்கள் படிக்கும் நிலை வந்தது. போரும் உள்நாட்டுச் சண்டையும் அதைக் குலைத்தன. 1996 முதல் 2001 வரையிலான முதல் தாலிபான் ஆட்சி அடியோடு நிறுத்தியது.

2001க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் நடந்ததை யுனெஸ்கோவின் எண்கள் சொல்கின்றன. 2001இல் தொடக்கப் பள்ளிகளில் பெண் குழந்தைகள் ஏறத்தாழ இல்லவே இல்லை; 2018இல் 25 லட்சம் பேர் இருந்தார்கள். உயர்கல்வியில் 2001இல் சுமார் 5,000 பெண்கள். 2021இல் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் 2017இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் படத்தின் மறுபக்கம் தெரியும். 41 விழுக்காடு பள்ளிகளுக்குக் கட்டடமே இல்லை. நாட்டின் பாதி மாகாணங்களில் ஆசிரியர்களுள் பெண்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. சுற்றுச்சுவரும் கழிப்பறையும் இல்லாத, ஆண் ஆசிரியர் மட்டுமே பாடம் நடத்தும் பள்ளிக்கு வயதுக்கு வந்த மகளை அனுப்பப் பல குடும்பங்கள் முன்வரவில்லை. சாலையில் குண்டு வெடிக்கும் அச்சம் வேறு. காபூலின் தஷ்தே பர்ச்சி பகுதியில் 2021 மே மாதம் சையதுல் சுஹதா பள்ளி வாசலில் நடந்த குண்டுவெடிப்பில் குறைந்தது 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஷியா சிறுபான்மையினரான ஹசாரா இனச் சிறுமியர். அதே பகுதியில் 2022 செப்டம்பரில் காஜ் பயிற்சி நிலையத்தில், கன்கோருக்கான மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த மாணவியர் நடுவே தற்கொலைத் தாக்குதல் நடந்தது. ஆகவே தடை விலகினாலும் பழைய நிலைக்குத்தான் திரும்பலாம் என்றால், கிராமத்துச் சிறுமிக்கு அந்தப் பழைய நிலையே போதுமானதாக இல்லை.

பெண் ஆசிரியர் இல்லாததால் பெண் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை என்ற இந்தச் செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தடையின் இயங்குமுறை இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே இயங்க வேண்டும் என்று ஓர் ஆட்சி வற்புறுத்துமானால், பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்களும் மருத்துவம் பார்க்கப் பெண்களும் வேண்டும். அவர்களை உருவாக்கும் பள்ளியையும் கல்லூரியையும் அதே ஆட்சி மூடுகிறது. இன்று பணியில் இருக்கும் ஆசிரியைகளும் தாதியரும் ஓய்வு பெறும்போது அவர்கள் இடத்துக்கு யார் வருவார்கள்? தொடக்கப் பள்ளி மட்டும் சிறுமிகளுக்குத் திறந்திருக்கிறது என்று ஆட்சியாளர்கள் சொல்வதுகூட, அங்கே கற்பிக்கப் பெண்கள் இருக்கும்வரைதான் நடக்கும். மேலே அடைத்தால் சில ஆண்டுகளில் கீழேயும் வற்றும்.

மகப்பேற்றில் இதன் விளைவு உயிர்ச் சேதமாகவே வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து செய்த மதிப்பீட்டின்படி, 2020இல் ஆப்கானிஸ்தானில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 620 தாய்மார்கள் இறந்தார்கள். இது 2000ஆம் ஆண்டின் அளவில் பாதிக்கும் குறைவு. அந்தக் குறைவுக்குக் கிராமங்களில் பயிற்சி பெற்ற தாதியர் பெருகியது ஒரு முக்கியக் காரணம். சில மாகாணங்களில் ஆண் மருத்துவர் பெண் நோயாளிக்குச் சிகிச்சையளிக்க அனுமதியில்லை. பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும், ஆனால் பெண் படிக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நடுவில் சிக்கிக்கொள்வது பிரசவ வலியில் இருப்பவள்தான். சிறுமியரின் படிப்பும் பெண்களின் உயர்கல்வியும் இப்படியே தடைபட்டிருந்தால், இளவயதுப் பிள்ளைப்பேறு 45 விழுக்காடும் தாய்மார் இறப்பு 50 விழுக்காடு வரையும் கூடக்கூடும் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு கணித்திருக்கிறது. சிறுமிகளை இடைநிலைப் பள்ளியிலிருந்து விலக்கி வைப்பதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு இழப்பு என்று யுனிசெஃப் 2022இல் சொன்னதையும் இங்கே குறிப்பிடலாம்; ஆனால் பணக் கணக்கைவிடத் தாதியர் கணக்கே விஷயத்தை நேராகச் சொல்கிறது.

இஸ்லாம் இதைத்தான் சொல்கிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வேறு எந்த நாட்டிலும் இப்படி ஒரு தடை இல்லை. 2022இல் பல்கலைக்கழகத் தடை வந்தபோது, கெய்ரோவில் உள்ள புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தையிப் அது ஷரியத்துக்கு முரணானது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். சவூதி அரேபியா, கத்தார், துருக்கி ஆகிய நாடுகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2025 ஜனவரியில் முஸ்லிம் உலக லீக் முன்னின்று இஸ்லாமாபாத்தில் பெண் கல்வி குறித்த மாநாடு ஒன்றை நடத்தியது; தாலிபான் தரப்பு அதில் கலந்துகொள்ளவில்லை. அதே மாதம், தாலிபான் அரசின் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்சாய், கோஸ்த் மாகாணத்தில் ஒரு மதரசா விழாவிலேயே, இந்தத் தடைக்கு மார்க்க ஆதாரம் இல்லை என்று பேசினார். அதன் பிறகு அவர் நாட்டை விட்டு வெளியேறியதாகச் செய்தி வந்தது. எனவே இதை மதத்துக்கும் நவீனத்துக்குமான சண்டையாகச் சுருக்குவது தவறு; இயக்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது.

இதற்கிடையே ஆப்கானியப் பெண்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. வீட்டுக்குள் மறைவாகப் பாடம் நடத்துவது அந்நாட்டில் ஏற்கெனவே பழகிய வழி. முதல் தாலிபான் ஆட்சியில் ஹெராத் நகரில் பொன்னூசித் தையல் பள்ளி என்ற பெயரில் ஒரு வகுப்பு நடந்தது. துணியும் ஊசியும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்த பெண்கள் உள்ளே படித்தது இலக்கியம். சகீனா யாகூபி நிறுவிய ஆப்கான் கற்றல் நிறுவனம் அதே காலத்தில் 80 மறைமுகப் பள்ளிகளுக்கு உதவியது. இன்று அந்த மரபோடு செல்பேசியும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் சேர்ந்திருக்கின்றன. பெண்களே நடத்தும் பேகம் வானொலியின் சகோதர அமைப்பான பேகம் தொலைக்காட்சி, பாரிஸிலிருந்து ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை ஒளிபரப்புகிறது. காபூலில் பெண்களுக்கென இயங்கிய சோலா உறைவிடப் பள்ளி, 2021 ஆகஸ்டில் மாணவியரோடு ருவாண்டாவுக்கே இடம்பெயர்ந்தது. வங்கதேசத்தின் சட்டோகிராமில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் ஆப்கானிய மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் இணையவழியே முதுகலைப் படிப்பை முடித்த ஆப்கானியப் பெண்ணும் உண்டு.

இம்முயற்சிகளைப் போற்றுவதில் தயக்கமே வேண்டாம். ஆனால் இவற்றை "மீட்பு" என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் சொல்கிறேன். கிராமப்புறத்தில் மின்சாரமும் இணையமும் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஓர் ஆணையில் அறுந்துவிடும்: 2025 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டு நாட்கள் இணையம் துண்டிக்கப்பட்டபோது இணைய வகுப்புகள் அனைத்தும் ஒரேயடியாக நின்றன. வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்தாலும், ஆண் உறவினர் துணையின்றிப் பெண்கள் நெடுந்தொலைவு பயணம் செய்யக் கூடாது என்ற விதி வழியை மறிக்கிறது. 2023 ஆகஸ்டில் துபாயில் படிக்க இடம் கிடைத்த மாணவியர் காபூல் விமான நிலையத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். விமானம் ஏறியவர்களுக்கும் உறுதி இல்லை: அமெரிக்க நிதியில் ஓமானில் படித்துக்கொண்டிருந்த 80க்கும் மேற்பட்ட ஆப்கானியப் பெண்கள், 2025இல் அந்த நிதி வெட்டப்பட்டதும் நாடு திரும்ப நேரும் என்ற அச்சத்துக்கு ஆளானார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி சான்றிதழ். வீட்டு வகுப்பில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை முழுவதுமாகக் கற்றுத் தேர்ந்திருக்கலாம். அவள் கற்றதை அங்கீகரித்து முத்திரையிட அந்நாட்டில் எந்த அதிகாரமும் இல்லை. கன்கோர் எழுதவும் முடியாது. பெண்கள் எந்த வயதிலும் மதரசாவில் படிக்கலாம் என்று ஆட்சியாளர்கள் சொல்கிறார்கள்; பல குடும்பங்கள் வேறு வழியின்றி மகள்களை அங்கே அனுப்புகின்றன. அங்கே கிடைக்கும் மார்க்கக் கல்விக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் கணிதமும் உயிரியலும் கற்காமல் அங்கிருந்து தாதியாகவோ மருத்துவராகவோ வெளிவர முடியாது. மாற்று வழிகள் அறிவு மங்கிவிடாமல் காக்கின்றன. வாழ்க்கைத் தொழிலுக்கான பாதையை அவற்றால் போட முடியவில்லை.

வெளியுலகம் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலை 8 அன்று, பாலின அடிப்படையிலான துன்புறுத்தல் என்ற மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஆப்கானிஸ்தான் 2003இல் ஏற்றிருப்பதால், அதை மீறியதற்காக, நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்தை நாடும் நடைமுறையைத் தொடங்கப்போவதாக ஜெர்மனி, ஆஸ்திரேலியா, கனடா, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் 2024 செப்டம்பரில் அறிவித்தன. மறுபுறம், 2025 ஜூலையில் ரஷ்யா தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்த முதல் நாடாயிற்று. அங்கீகாரத்துக்கு ஈடாகப் பள்ளிகளைத் திறக்கச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தவர்களின் கைப்பிடி அந்த அளவுக்குத் தளர்ந்தது.

தடை நாளையே நீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதற்கு அந்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. முதல் தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின், 2002 மார்ச் 23 அன்று பள்ளிகள் திறந்தன. யுனிசெஃப் உதவியோடு நடந்த "பள்ளிக்குத் திரும்புவோம்" இயக்கத்தில் அந்த ஆண்டு ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். கட்டடம் இல்லாத இடங்களில் கூடாரம் அடித்தார்கள். வேலையிழந்து வீட்டில் இருந்த ஆசிரியைகளைத் திரும்ப அழைத்தார்கள். மறைவாகப் படித்திருந்த சிறுமியரைத் தேர்வு வைத்து அவர்கள் தகுதிக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். வயது மீறியவர்களுக்கு ஓராண்டில் இரண்டு வகுப்புப் பாடங்களை முடிக்கும் விரைவுக் கல்வித் திட்டங்கள் வந்தன.

இன்றைக்கு அந்தப் பட்டியலோடு இன்னும் சில சேர வேண்டும். 2021இல் ஏழாம் வகுப்பில் இருந்த மாணவி இப்போது திருமண வயதை எட்டியிருப்பாள், கையில் குழந்தையோடும் இருக்கலாம். அவளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே உட்கார வைக்க முடியாது, மாலை நேர வகுப்பும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அண்மை ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் மகள்கள் அங்கே படித்த வகுப்பு இங்கே செல்லும் என்று ஏற்கப்பட வேண்டும். இணைய வகுப்பில் படித்தவர்களுக்குத் தகுதித் தேர்வும் முத்திரையிட்ட சான்றிதழும் தர வேண்டும். அவர்கள் கன்கோர் எழுத வயது வரம்பு தடையாகக் கூடாது. பாதியில் விரட்டப்பட்ட தாதியர் பயிற்சி மாணவியரை விட்ட பருவத்திலிருந்தே தொடரச் செய்ய வேண்டும்; அவர்கள்தான் மிக விரைவில் பணிக்கு வரக்கூடியவர்கள். பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களுக்கும் முன்பாகத் திறக்கப்பட வேண்டும் என்று நான் கருதுகிறேன். கிராமத்தில் ஓர் ஏழாம் வகுப்பு தொடங்குமா, தொடங்காதா என்பது அங்கே போய்க் கற்பிக்க ஒரு பெண் கிடைக்கிறாளா என்பதைப் பொறுத்தே இருக்கும்.